பதினொண்ணு புள்ளி ஆறு

புரட்டாசி பிறந்த அன்று காலையில் பால் கேன்கள் பாதிதான் வந்தன. மீதிப் பாதி, சாலையில் வெட்டிச் சாய்த்திருந்த புளியமரங்களுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டன. எண்பத்தேழாம் வருஷம் அது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையடிவாரத்துக்குப் போகிற சாலையில் இருந்தது அந்தப் பால் குளிரூட்டும் நிலையம். பதினேழு ஊர்ப் பால் அங்கே வந்து சேரும். சைக்கிளின் இரண்டு பக்கமும் கேனைக் கட்டித் தொங்கவிட்டு, மேட்டில் இறங்கித் தள்ளி, பள்ளத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். செந்தமிழ்ச்செல்வி சோதித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பால் தொட்டிக்குப் போகும்.

அவள் சோதிக்கிற அறை ஒரு கட்டில் போடுகிற அளவுதான். ஜன்னலோரம் சிமெண்டு மேடை. மேடைமேல் தாங்கியில் பியூரெட், உடம்பெல்லாம் கோடு போட்ட நீளமான கண்ணாடிக் குழாய். அதில் காஸ்டிக் சோடாக் கரைசல் நிற்கும். கேனிலிருந்து பத்து மில்லி பாலை எடுத்துக் குடுவையில் விட்டு, நிறம் காட்டுகிற இண்டிகேட்டர் இரண்டு சொட்டுச் சேர்த்து, பியூரெட்டின் திருகைத் திறந்து சோடாவைச் சொட்டுச் சொட்டாக இறக்குவாள். பாலில் இருக்கிற புளிப்பை எல்லாம் சோடா தின்று தீர்த்ததும் குடுவையில் இளஞ்சிவப்பு பரவும். அந்த இடத்தில் நிறுத்திக் கோட்டைப் படிக்க வேண்டும். ஒன்றரை மில்லி செலவானால் நல்ல பால். ஒன்று புள்ளி ஏழு வரைக்கும் வாங்கலாம். அதற்கு மேலே போனால் புளித்த பால். கேனின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

செல்வி பிறந்தது திருக்கோவிலூரில். பி.எஸ்.சி. வேதியியல் படித்தவள். மேலப்பூண்டி வெங்கடேசனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவன் பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு தடவை கணக்கில் தவறி, அப்பன் விட்டுப்போன ஒன்றரை ஏக்கரில் கரும்பு போடுகிறவன். மாமியார் சின்னப்பொண்ணு இரண்டு எருமை வைத்திருந்தாள். மருமகளுக்கு இந்த வேலை தற்காலிகம்தான் என்றாலும் ஊரில் வேறு எந்தப் பெண்ணும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை.

அன்று ஐந்தாவது கேனைச் சோதிப்பதற்காகச் சோடா பாட்டிலைத் திறந்து, பியூரெட்டை நிரப்பிவிட்டுப் பாட்டிலைக் கீழே வைக்கும்போது கந்தசாமி வந்து வாசலில் நின்றார். மேலப்பூண்டிப் பாலைக் கொண்டுவருகிறவர். கையில் சைக்கிள் இல்லை.

"செல்வி, வெங்கடேசன போலீசு இட்டுக்கினு போயிட்டாங்கம்மா. ஏரிக்கர மரத்தாண்ட. பத்து பேர வேன்ல ஏத்திட்டாங்க."

"அடிச்சாங்களா?"

"நா பாக்க சொல்ல அடிக்கல. சட்ட மட்டும் கிழிஞ்சிருந்துது."

அவள் அப்படியே எழுந்து ஓடினாள். ஊர் வரைக்கும் மூன்று கிலோமீட்டர். செருப்பு எங்கே விட்டது என்று அவளுக்கு அப்புறமும் தெரியவில்லை.

தங்கள் சாதிக்கு இருபது சதவீதம் இடஒதுக்கீடு கேட்டு ஏழு நாள் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். முந்தின நாள் சோறு சாப்பிடும்போது வெங்கடேசன் சொன்னான்: "எங்கப்பனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எனக்கு நாலு மார்க்குல போச்சு. நமக்குப் பொறக்கறதாவது உன்னாட்டம் படிச்சி ஒரு ஆபீசுல ஒக்காரணும் இல்ல." அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஒக்காரட்டும். நீ மரத்துமேல ஏறாத" என்றாள். அவன் ஏறித்தான் கிளையை வெட்டியிருக்கிறான்.

ஏழு நாளும் சாலை ஊமையாகக் கிடந்தது. பஸ் இல்லை, லாரி இல்லை, பால் வண்டி இல்லை. சின்னப்பொண்ணு சோற்று மூட்டையோடு காவல் நிலையத்துக்கு நடந்தாள். இங்கே இல்லை, வேலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள். வேலூர் எந்தத் திசை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்பி வந்து, அந்தச் சோற்றை எருமைக்கு வைத்தாள். அதற்குப் பிறகு மகனைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. அழவும் இல்லை. மாடு கறந்தாள், கரும்புத் தோகை அறுத்தாள், சாணி தட்டினாள். ஊரில் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவும் இல்லை. உள்ளே போன பத்துப் பேர் வீட்டிலும் அதே கதைதான். எதைக் கேட்பது என்று இருந்தார்கள்.

விற்க வழி இல்லாத பால் வீட்டு வீட்டுக்குத் தேங்கியது. கன்றுகள் குடித்தது போக மீதியை உறை ஊற்றினார்கள். தெருவெல்லாம் மோர் வாசம்.

ஒன்பதாம் நாள் நிலையம் திறந்தது. அன்றைக்கே செல்வி வேலைக்குப் போனாள். முதல் கேன் ஒன்று புள்ளி எட்டு. இரண்டாவது ஒன்று புள்ளி ஒன்பது. மேலப்பூண்டிக் கேன்கள் இரண்டும் ஒன்று புள்ளி ஒன்பது. பதினேழு ஊரில் ஒன்பது ஊர்ப் பால் சிவப்புத் துணியோடு திரும்பியது.

மேலாளர் ராஜாங்கம் ரீடிங்குகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "மறியல்ல தேங்கின பால புதுப் பால்ல கலந்து தள்ளப் பாக்கறாங்கம்மா. நீங்க கண்டிப்பா இருங்க."

மறுநாளும் அதேதான். அன்று சாயங்காலம் செல்வி வீடு திரும்பும்போது, மேலப்பூண்டியில் பால் ஊற்றுகிற பள்ளிக்கூடத்துச் சுவரோரம் பெண்கள் கூடி நின்றார்கள். திரும்பி வந்த இரண்டு கேனும் நடுவில் இருந்தன. சின்னப்பொண்ணு பேசிக்கொண்டிருந்தாள்.

"எம் மருமவ கண்ணாடிக் கொழாயில பாத்துச் சொல்றா. கொழாயி பொய் சொல்லாது. எவளோ ஒருத்தி பழைய பால வச்சிருந்து கலக்கறா. ஒருத்தியால ஊரு பாலே கெட்டுப்போவுது."

"யாரச் சொல்ற அக்கா?" என்று கேட்டாள் அமிர்தம்.

அமிர்தம் மலையிலிருந்து வந்தவள். சாமை விதைக்க மலைக்குக் கூலிக்குப் போன ஒருவன் அவளைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தான். அவன் செத்து ஆறு வருஷம். ஒரு எருமையை வைத்துக்கொண்டு அவள் ஊர்க்கோடியில் இருந்தாள். பதினெட்டு வருஷம் ஆகியும் ஊர் அவளை மலைக்காரி என்றுதான் சொன்னது.

"நா பேரு சொல்லல" என்றாள் சின்னப்பொண்ணு. "ஏழு நாளும் யாரு வூட்ல பால் பான பானையா கெடந்துதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

"கெடந்துது. ஒற ஊத்திக் கடைஞ்சேன். இந்தத் தெருவே மோர வாங்கிக் குடிச்சிது. நீயும் ஒரு சொம்பு வாங்கினு போன."

"மோரப் பத்தி யாரு பேசறா. பாலப் பத்தி பேசறேன்."

பின்னாலிருந்து ஒருத்தி, "மலைக்காரிக்கு இன்னா தெரியும், பானைய கழுவறாளோ இல்லியோ" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அமிர்தம் செல்வியைப் பார்த்தாள். குழாயில் பார்த்தவள் ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்திருக்கலாம். செல்வி கேனின் கழுத்தில் இருந்த சிவப்புத் துணியைப் பார்த்தாள். ரீடிங் ஒன்று புள்ளி ஒன்பது. அவள் கண்ணால் பார்த்த கோடு. அமிர்தம் தான் கொண்டுவந்த பால் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து போய்விட்டாள்.

மூன்றாம் நாள் மேலப்பூண்டிக் கேன்களில் அமிர்தத்தின் பால் இல்லை. கேன்களை வெந்நீர் ஊற்றித் தேய்த்திருந்தார்கள். ரீடிங் ஒன்று புள்ளி ஒன்பது.

செல்வி மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் அதே கோடு. கந்தசாமி சிவப்புத் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டே, "இன்னும் எவள வெளிய அனுப்பணுமோ" என்றார். அது அவளைக் குத்தியது.

அன்றைக்குத் திரும்பி வந்த பாலில் சின்னப்பொண்ணு டீ போட்டாள். பால் பொங்கி வந்தது, திரியவில்லை. செல்வி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பையே பார்த்தாள்.

"இன்னா பாக்கற?"

"திரியலியே அத்த."

"நாளைக்குத் திரியும். குடி."

நான்காம் நாள் விடியலில் எருமையைக் கறக்கும்போது செல்வி ஒரு மூடி போட்ட குப்பியை நீட்டினாள். நேராக மடியிலிருந்து பீய்ச்சச் சொன்னாள். குப்பியை முந்தானையில் சுற்றிக்கொண்டு வேகமாக நடந்தாள். நிலையத்துக்குப் போனபோது பால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பத்து மில்லி. இரண்டு சொட்டு. திருகைத் திறந்தாள். ஒன்றரை தாண்டியது. ஒன்று புள்ளி ஏழும் தாண்டியது. ஒன்று புள்ளி எட்டில் சிவந்தது.

மடியை விட்டு வந்து ஒரு மணி நேரம் ஆகாத பால் புளிக்க முடியாது.

அப்போதுதான் அவள் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பிரதான பால் பண்ணையில் கரைத்து, லேபிள் ஒட்டி அனுப்புகிற பாட்டில். அடியில் கால் பாகம்தான் இருந்தது. வாய் விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. பாட்டிலின் வாயில் ரப்பர் கார்க் இல்லை. கடையில் பொட்டலம் மடித்த காகிதம் ஒன்று திருகிச் செருகியிருந்தது. அறையைக் கூட்டுகிறவர் தூசி விழாமல் இருக்கச் செருகியிருப்பார். நான்கு நாளாக அந்தக் காகிதத்தை எடுத்து எடுத்துத்தான் அவள் பியூரெட்டை நிரப்பினாள். கண் அதைப் பார்த்தது, மனம் வேலூரில் இருந்தது. குனிந்து தேடினாள். மேடைக்கு அடியில், சுவரோரம் கார்க் கிடந்தது.

கந்தசாமி வந்து சொன்ன அன்று அவள் பாட்டிலை மூடவில்லை.

திறந்து கிடக்கிற சோடா காற்றில் உள்ள கரியமில வாயுவைக் குடிக்கும். குடிக்கக் குடிக்க அதன் பலம் குறையும். பலம் குறைந்த சோடா, அதே பாலுக்குக் கூடுதலாகச் செலவாகும். நல்ல பாலும் புளித்த பாலாகத் தெரியும். கல்லூரியில் இரண்டாம் வருஷம் இதைப் பரீட்சையில் எழுதிப் பத்துக்கு எட்டு மார்க் வாங்கியவள் அவள்.

ராஜாங்கத்திடம் போய்ச் சொன்னாள். அவர் நம்பவில்லை.

"பண்ணையில போட்டு அனுப்புனதும்மா. லேபிள்ல பலம் போட்டிருக்கு."

"அன்னிக்கி இருந்த பலம் சார் அது. இன்னிக்கி எவ்ளோன்னு ஆக்ஸாலிக் அமிலத்த வச்சிப் பாத்தாதான் தெரியும். கள்ளக்குறிச்சியில ஒரு பள்ளிக்கூடத்து லேப்ல இருக்கும். இன்னிக்கி வந்த கேன் எதயும் திருப்பாதீங்க சார். குளிர்ல வையுங்க. நாலு மணிக்குள்ள வந்துர்றேன்."

"அஞ்சு மணிக்கு வண்டி வந்துரும்."

"அதுக்குள்ள வந்துர்றேன் சார்."

அவர் தலையை ஆட்டினார். அது சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

ஒரு சின்னக் குப்பியில் சோடாவை வழிய வழிய நிரப்பி, காற்று நிற்க இடமில்லாமல் மூடிக்கொண்டு, கந்தசாமியின் சைக்கிளை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். ஒன்பது கிலோமீட்டர். மலையில் மழை பிடித்திருந்தது. கல்வராயன் இடுப்புக்கு மேலே தெரியவில்லை. சாலையோரம் புளியமரங்கள் வெட்டின இடத்திலேயே புரட்டித் தள்ளப்பட்டுக் கிடந்தன. பெண்கள் காய்ந்த கிளைகளை ஒடித்துக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ் இன்னும் ஓடவில்லை. இரண்டு இடத்தில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். ஏரிக்கரை மரத்தடியைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்காமல் மிதித்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு அன்றும் விடுமுறை விட்டிருந்தார்கள். வேதியியல் ஆய்வகத்து வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து சோதனைக்குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவைக்கு மேல் போட்டிருந்த காக்கி அங்கியில் அமிலம் தெறித்த ஓட்டைகள். ஆய்வக உதவியாளர் இசபெல்லா.

"லீவுங்க. அடுத்த வாரம் வாங்க."

"அக்கா, எனக்குக் கொஞ்சம் ஆக்ஸாலிக் அமிலமும் உங்க தராசும் வேணும். ஒரு மணி நேரம் போதும்." செல்வி மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள்.

இசபெல்லா குழாயை உதறி வைத்தாள். "எந்த ஊரு?"

"மேலப்பூண்டி."

"வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?"

பயிர் வைக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். "வேலூரு ஜெயில்ல இருக்காருக்கா. மறியல்ல புடிச்சிட்டாங்க."

இசபெல்லா கழுவின குழாயையே மறுபடியும் எடுத்துக் கழுவினாள்.

"எந்தம்பி வூடு உங்க பக்கந்தான். ரோட்டோரத்துக் காலனி. மறியல் ரெண்டாம் நாளு கூரைய கொளுத்திட்டாங்க. வெதைக்கு வச்சிருந்த ரெண்டு மூட்ட மல்லாட்ட, புள்ளைங்க புஸ்தகம், எல்லாம் போச்சி. தம்பி பொண்டாட்டி புள்ளைங்களோட எங்க வூட்லதான் கெடக்கறா."

செல்வி குப்பியை இறுக்கிப் பிடித்தாள். "யாருக்கா கொளுத்துனது?"

"தெரியல. துண்டுல மூஞ்சிய கட்டிக்கினு வந்தாங்களாம். உங்க ஊருக்காரங்களா?"

"இல்லன்னு சொல்ல ஆசையா இருக்குதுக்கா. எனக்குத் தெரியாது."

இசபெல்லா நிமிர்ந்து அவளை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள். "நீ திருப்பி அனுப்புன பால்ல எங்க சனங்க ஊத்துன பாலும் இருக்குமா?"

"இருக்கும். பதினேழு ஊருக்கா."

"அப்ப வா" என்று சாவியை எடுத்தாள்.

உள்ளே ஜன்னல்களைத் திறந்ததும் கந்தக வாசம் வந்தது. தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. செல்வி எடைப் பெட்டியை நோக்கிக் கை நீட்டினாள். இசபெல்லா அவள் கையை விலக்கினாள். "சைக்கிள் மிதிச்ச கையி. நா போடறேன்." இடுக்கியால் எடைகளை ஒவ்வொன்றாக வைத்து, அமிலப் படிகத்தைக் கரண்டி நுனியால் தட்டித் தட்டி, முள் நடுவில் நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அறுநூற்று முப்பது மில்லிகிராம். அதைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்து நூறு மில்லி ஆக்கினார்கள். இந்த அமிலத்தின் பலம் அவர்களுக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். அதன் முன்னால் நிறுத்திப் பார்த்தால் சோடாவின் பலமும் தெரிந்துவிடும். சோடா சரியாக இருந்தால் பத்து மில்லி அமிலத்துக்குப் பத்து மில்லி சோடா செலவாக வேண்டும்.

பியூரெட்டை முதலில் தண்ணீராலும் பிறகு சோடாவாலும் அலசி, செல்வி சோடாவை நிரப்பினாள். இசபெல்லா பிப்பெட்டில் பத்து மில்லி அமிலத்தை உறிஞ்சிக் குடுவையில் விட்டு, இண்டிகேட்டர் சேர்த்து, நிறம் தெரிவதற்காக அடியில் வெள்ளைப் பீங்கான் ஓடு ஒன்றை வைத்தாள்.

"விடு."

செல்வி இடது கையால் திருகைப் பிடித்து, வலது கையால் குடுவையைச் சுழற்றினாள். ஐந்து. எட்டு. ஒன்பதரையில் சொட்டாக்கினாள். பத்து வந்தது. குடுவையில் தண்ணீர் நிறம்தான். மேலே ஒரு சொட்டு விழுந்த இடத்தில் சிவந்து, சுழற்றியதும் மறைந்தது. பத்தரை. பதினொன்று. அவளுக்குக் கண்ணீர் கோட்டை மறைத்தது.

"நிறுத்தாத" என்றாள் இசபெல்லா. "மறையுது பாரு. இன்னும் ஒண்ணு. இன்னும் ஒண்ணு."

பதினொன்று புள்ளி ஆறில் ஒரு வெளிறிய சிவப்பு வந்து நின்றது. இசபெல்லா வாய்க்குள் முப்பது எண்ணினாள். மறையவில்லை.

"பதினொண்ணு ஆறு. ஒரு தடவ போதாது. இன்னொன்னு போடு."

இரண்டாவதும் பதினொன்று புள்ளி ஆறு. மூன்றாவதும்.

செல்வி ஸ்டூலில் உட்கார்ந்து தாளில் போட்டாள். சோடா நூற்றுக்கு எண்பத்தாறு பலத்தில் இருந்தது. ஒன்று புள்ளி ஒன்பது என்று அவள் எழுதிய பால் உண்மையில் ஒன்று புள்ளி ஆறு நான்கு. நல்ல பால். மூன்று நாள் பதிவையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திருப்பின கேன்களில் நான்கோ ஐந்தோதான் நிஜமாகவே புளித்தவை. மற்றதெல்லாம் வாய்க்காலில் கொட்டின நல்ல பால்.

"எங்க ஊருல ஒரு அம்மாவ, பழைய பால கலக்கறான்னு சொல்லிட்டாங்கக்கா. எங்க மாமியாதான் சொன்னாங்க. என்ன நம்பிச் சொன்னாங்க."

இசபெல்லா பியூரெட்டைத் தண்ணீர் விட்டு அலசிக்கொண்டிருந்தாள். "அத தராசுல போட்டுப் பாக்க முடியாது. போயிச் சொல்லணும்."

பிறகு அலமாரியிலிருந்து ஒரு தூக்கை எடுத்தாள். கேழ்வரகுக் கூழ். டம்ளரில் ஊற்றப்போனவள் நிறுத்தினாள். "எங்க வூட்டுக் கூழு. குடிப்பியா?"

"வெங்காயம் இருக்குதாக்கா?" என்றாள் செல்வி.

இருந்தது. இரண்டு பேரும் கழுவின குடுவைகளுக்கு நடுவே உட்கார்ந்து குடித்தார்கள். கிளம்பும்போது மீதி இருந்த அமிலக் கரைசலை இசபெல்லா ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள். "புது சோடா வந்தாலும் இதுல ஒரு தடவ பாத்துக்க. லேபிள நம்பாத."

நான்கே காலுக்கு நிலையத்தில் இருந்தாள். குளிரில் நின்ற கேன்களை வரிசையாகச் சோதித்து, ஒவ்வொரு ரீடிங்கையும் நூற்றுக்கு எண்பத்தாறாகக் குறைத்துத் திருத்தினாள். இரண்டு ஊர்ப் பால்தான் திரும்பியது. மற்றதெல்லாம் வண்டியில் ஏறியது.

ராஜாங்கத்துக்கு அது நிம்மதிதான். ஆனால் அவள் ரெஜிஸ்டரைத் திறந்ததும் கையைக் குறுக்கே வைத்தார்.

"எதுக்கும்மா எழுதறீங்க? சோடா கெட்டுப்போச்சு, புதுசு வரப்போவுது. அதோட வுடுங்க."

"சோடா தானா கெடல சார். நான்தான் தெறந்து போட்டுட்டு ஓடிட்டேன்."

"நீங்க தற்காலிகம். எழுதினா மேல கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். மூணு நாள் பால வாய்க்கால்ல ஊத்தியிருக்காங்க. அவுங்க பால் நல்ல பால்னு எங்கயாவது ஒரு எடத்துல எழுதியிருக்கணும் இல்ல."

அவர் கையை எடுத்துக்கொண்டார். அவள் தேதி போட்டு, பதினொன்று புள்ளி ஆறு என்பதை மூன்று தடவையும் எழுதி, காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த ஐந்து வரிக்காக அடுத்த மாதம் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தை மாதம் திரும்பக் கூப்பிட்டார்கள். இடையில் அவள் இடத்துக்கு வந்த இரண்டு பேருக்கும் அந்தச் சிவப்பு எந்தச் சொட்டில் நிற்கிறது என்று பார்க்க வரவில்லை.

அவள் வீட்டுக்குப் போனபோது சின்னப்பொண்ணு கொட்டாயில் தோகையை நறுக்கி எருமைக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். செல்வி எதிரில் குந்தினாள்.

"அத்த, பால் புளிக்கல."

"இன்னிக்கா?"

"மூணு நாளும் புளிக்கல. நம்ம ஊரு பாலு, அமிர்தம் சின்னத்த பாலு, எல்லாம் நல்ல பாலு. சோடாதான் கெட்டுப்போயிருந்துது. அத நான்தான் மூடாம வுட்டுட்டேன்."

சின்னப்பொண்ணுவின் அரிவாள் நின்றது. "நீயா? எப்ப?"

"அவர இட்டுக்கினு போயிட்டாங்கன்னு கந்தசாமி அண்ணன் வந்து சொன்னாரே, அப்ப. கையில பாட்டில் இருந்துது. வச்சிட்டு ஓடியாந்துட்டேன்."

எருமை தோகையை இழுத்து மென்றது. சின்னப்பொண்ணு இன்னொரு பிடியை அதன் முன்னால் தள்ளினாள்.

"நானா இருந்தாலும் அப்பிடித்தான் ஓடியாந்திருப்பேன்" என்றாள். "அத வுடு. நா அமிர்தத்த பேசுனேனே, அதுக்கு எந்தப் பாட்டில காட்டறது?"

"என்னாலதான் அத்த."

"உன்னால இல்ல. நீ ரீடிங்குதான் சொன்ன. பேர சேத்தது நானு." அரிவாளைக் கீழே வைத்தாள். "எம் புள்ள உள்ள போனதுலேர்ந்து உன்ன வச்சித்தான் நா தெருவுல நிமிந்து நடந்துக்கினு இருந்தேன் செல்வி. எம் மருமவ சொன்னா தப்பாதுன்னு. அத எல்லாருக்கும் காட்டணும்னு ஒரு வெறி. அதுக்கு அவதான் ஆப்புட்டா."

செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தோகை அறுத்த கை, சுரசுரவென்று இருந்தது. சின்னப்பொண்ணு விலக்கவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் ஊர்க்கோடிக்குப் போனார்கள். அமிர்தத்தின் எருமை வாசலில் நின்றது. கன்றுக்குட்டி மடியில் முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. அமிர்தம் முறத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை.

செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டிலை மூடாததை, மூன்று நாள் ரீடிங்கை, கள்ளக்குறிச்சி ஆய்வகத்தை. அமிர்தம் புடைப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அப்ப எம் பாலு?"

"நல்ல பாலு சின்னத்த."

"அது எனக்குத் தெரியும்."

சின்னப்பொண்ணு ஓரத்தில் கிடந்த கூடையை எடுத்து, எருமைக்குப் பின்னால் கிடந்த சாணியை அள்ளப் போனாள்.

"அத வையி அக்கா" என்றாள் அமிர்தம். "எம் வூட்டுச் சாணிய நானே அள்ளிக்குவேன். பால் ஊத்தற எடத்துல பத்து பேரு முன்னாடி பேசுன. இங்க வந்து மாட்டாண்ட நின்னுக்கினு இருக்கற."

"அங்கயும் சொல்றேன்."

"சொல்லு, கேக்கறேன்."

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்துச் சுவரோரம் பெண்கள் வரிசையில் நின்றார்கள். தூறல் விட்டிருந்தது. கந்தசாமி கேன் மூடியைத் திறந்து, அளக்கிற உழக்கைக் கழுவினார். அமிர்தம் வெறுங்கையோடு வந்து, சற்றுத் தள்ளி நின்றாள்.

சின்னப்பொண்ணு பால் பானையை இடுப்பில் வைத்தபடியே பேசினாள்.

"எல்லாரும் கேளுங்க. அமிர்தம் பால்ல ஒரு கொறையும் இல்ல. நம்ம யாரு பால்லயும் இல்ல. ஆபீசுல மருந்து கெட்டுப்போயிருந்துது, எம் மருமவ கண்டுபுடிச்சி எழுதி வச்சிட்டா. நா தெரியாம பேசிட்டேன். தெரியாமன்னு சொல்றதும் பொய்யி. தெரிஞ்சிக்காம பேசிட்டேன். அவ மலைக்காரின்னு பேசிட்டேன். அது என் தப்பு."

அன்றைக்குப் பின்னாலிருந்து பேசினவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். கந்தசாமி உழக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அமிர்தம் நடந்து கிட்டே வந்தாள். சின்னப்பொண்ணுவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நாலு நாளா கன்னு குடிச்சிப் பழகிடுச்சி. இன்னும் ரெண்டு நாளு குடிக்கட்டும். அப்புறமா ஊத்தறேன்" என்றாள். பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்: "வெங்கடேசன் எப்ப வரானாம்? எதுனா சேதி தெரிஞ்சிதா?"

பதிமூன்று நாளில் யாரும் கேட்காத கேள்வி. சின்னப்பொண்ணு பதில் சொல்லப் பார்த்தாள். உதடு கோணியது. வேலூர் என்று சொன்னாள், அடுத்த வார்த்தை வரவில்லை. இடுப்பிலிருந்த பானை நழுவியது. பால் அலம்பி அவள் புடவையில் தெறித்தது. அவள் சுவரில் சாய்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள்.

செல்வி ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். அமிர்தம் பானையைத் தாங்கி வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, வரிசையின் முன்னால் போய்க் கேனின் பக்கத்தில் நின்றாள்.

"இத அளந்து ஊத்துங்கண்ணா" என்றாள் கந்தசாமியிடம். "அக்கா அழுதுட்டு வரட்டும்."